ஈபி82க்கு டர்போ எஞ்சின்: நுவரெலியாவில நல்லா ஓடுது, கண்டியில வெட்டுது. பூஸ்ட் எவ்வளவு வைக்கலாம்?

தலவாக்கலை_82 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கார் டொயோட்டா ஸ்டார்லட் ஈபி82, 4ஈ-எஃப்இ எஞ்சின், 5 கியர் மெனுவல். இதுக்கு ஜிடி (அதே ஸ்டார்லட்டின் டர்போ மாடல்) ஹாஃப்கட் ஒண்ணில, அதாவது பாதியா வெட்டி வந்த காரில, இருந்து 4ஈ-எஃப்டிஈ டர்போ எஞ்சின் போடுற திட்டம். வாரநாள்ல தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா ஓட்டம். மாசத்துக்கு ரெண்டு தடவை கண்டி, சில நேரம் கொழும்பு. பின்னால ரதல்ல, மகாகஸ்தோட்டை மாதிரி மலையேற்றப் போட்டியில சின்ன வகுப்பில ஓட்டிப் பார்க்க ஆசை இருக்கு. ஆனா முதல்ல அன்றாடம் ஓட்டுற காரா இருக்கணும்.

எஞ்சினை இன்னும் வாங்கல. வாங்க முன்னால என்ன பார்க்கணும், கூட எதையெல்லாம் எடுக்கணும்? கராஜ் பாஸ் மூணு விஷயம் சொல்றார்: பூஸ்ட் (டர்போ காத்தை அழுத்துற அளவு) 1.0 பார் வைக்கலாம், பியூவல் கட் (அழுத்தம் எல்லை தாண்டினா பெற்றோலை நிறுத்துறது) வந்தா அதை ஏமாத்துற டிஃபெண்டர் ஒண்ணு போட்டா சரி, மலைநாடு குளிர்தானே, தர்மஸ்டாட்டைக் கழட்டிடலாம். இதே எஞ்சின் போட்ட வேற ஒரு கார் நுவரெலியாவில பறக்குது, கண்டிக்கு இறங்கினா முழு எக்ஸலேட்டர்ல வெட்டுது. அதுக்கும் டிஃபெண்டர்தான் மருந்துன்னு பேச்சு. சரியா?


ஊவா_ஸ்பெனர் எழுதியது:

தம்பி, வாங்குற பக்கத்தை நான் சொல்றேன். பூஸ்ட் கதையை அதுக்குன்னே ஒருத்தர் இங்க இருக்கார், வருவார்.

கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்காம காசு குடுக்காதீங்க. பற்றரி முழு சார்ஜ், நாலு பிளக்கும் வெளியே, டிஸ்ட்ரிபியூட்டர் வயரும் இன்ஜெக்டர் வயரும் கழட்டி, த்ரொட்டிலை முழுசா திறந்து பிடிச்சு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜைப் பூட்டி, ஊசி ஏறி நிக்கிற வரை ஐந்தாறு சுத்து. முடிஞ்சா எஞ்சின் சூடா இருக்கும்போது. இங்கதான் மலைநாட்டுக்காரங்க ஏமாறுவாங்க. நுவரெலியாவில காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட அஞ்சில ஒண்ணு குறைவு. கொழும்பில 160 பிஎஸ்ஐ காட்டுற எஞ்சின் அங்க 128 பக்கம்தான் காட்டும். மேனுவல்ல உள்ள எண்ணை வச்சு நல்ல எஞ்சினைத் தள்ளிடாதீங்க. அதே மாதிரி கொழும்பில 130 காட்டினதை "பரவாயில்ல"ன்னு தூக்கிட்டும் வந்துடாதீங்க. எந்த ஊரா இருந்தாலும் நாலு சிலிண்டருக்கும் இடையில 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது.

அடுத்தது டர்போ. ஏர் பைப்பைக் கழட்டி கம்ப்ரஸர் சக்கரத்தை விரலால ஆட்டுங்க. பக்கவாட்டில ரொம்ப லேசா ஆடலாம், ஆனா இலை கூட்டில உரசின கீறல் இருக்கக் கூடாது. முன்னுக்குப் பின்னா தள்ளி இழுத்தா கையில ஒண்ணும் தெரியக் கூடாது, தெரிஞ்சா திரஸ்ட் பேரிங் போச்சு. எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே தார் மாதிரி கறுப்பு ஒட்டியிருந்தா சம்பைக் கழட்டி ஸ்ட்ரெய்னரைக் கழுவாம அந்த எஞ்சினை ஒரு நாளும் ஸ்டார்ட் பண்ணாதீங்க.

கூட எடுக்க வேண்டியது: ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்), எஞ்சின் வயரிங் முழுசா (வெட்டாம, ப்ளக்கோட), மெப் சென்சர் (இன்டேக் காத்தழுத்தத்தை அளக்கிறது), டிஸ்ட்ரிபியூட்டர், இக்னைட்டர், கொயில், பூஸ்ட் சொலனொய்ட், அதோட சின்ன ஹோஸ் எல்லாம், இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர்விக்கிறது), பைப், கியர்பொக்ஸ், ரெண்டு டிரைவ் ஷாஃப்ட், ஹப், முன் கேலிப்பர், டிஸ்க், எல்லா மவுண்ட் பிராக்கெட்டும். ஜிடி கியர்பொக்ஸும் உங்க கியர்பொக்ஸும் வேற வேற, அதனால ஷாஃப்ட் கலந்து போட முடியாது. கிளட்ச் இணைப்பு எப்படி இருக்குன்னு ரெண்டு காரிலயும் பார்த்துக்கோங்க. வயரிங் ப்ளக் உருவம் ஒத்துப் போச்சுன்னு அப்படியே செருகிடாதீங்க, பின் பின்னா படம் பார்த்துப் பொருத்தணும்.

உங்க 4ஈ-எஃப்இ-க்கே டர்போவைப் பூட்டிடலாமான்னு யாராவது கேட்பாங்க. அதன் கம்ப்ரஷன் விகிதம் 9.6, எஃப்டிஈ-க்கு 8.2. அந்த வித்தியாசத்தை ஒக்டேன் 92 பெற்றோல்ல ஓட்டிப் பார்த்தா பிஸ்டன்தான் பதில் சொல்லும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வோட்டர் பம்ப், முன் பின் கிரேங்க் சீல், கேம் சீல் எல்லாம் மாத்திடுங்க. பின் சீலை விட்டுட்டு கியர்பொக்ஸைப் பூட்டினா, கிளட்ச் எண்ணெயில நனைஞ்ச அன்னைக்கு முழுசா திரும்பக் கழட்டணும். டர்போ எண்ணெய் ரிட்டர்ன் பைப் கெஸ்கட்டில சிலிக்கன் பூசவே வேண்டாம். அந்த எண்ணெய் அழுத்தத்தில போறதில்ல, தன் பாரத்தில இறங்குது. உள்ளே பிதுங்கின சிலிக்கன் வழியை அடைச்சா எண்ணெய் சீலைத் தாண்டி வந்து நீலப் புகை விடும், நீங்க டர்போ போச்சுன்னு இன்னொண்ணு வாங்குவீங்க. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால இக்னிஷனைக் கழட்டி வச்சு, எண்ணெய் லைட் அணையிற வரை செல்ஃப் அடிங்க.


பனிமூட்டம் எழுதியது:

கண்டியில வெட்டுற காருக்கு முதல்ல பதில். அதிலேயே மத்தது எல்லாம் இருக்கு.

பூஸ்ட் கேஜ் வெளிக் காத்தோட ஒப்பிட்டுத்தான் காட்டும். பூஸ்ட் கூடாம தடுக்கிற வேஸ்ட்கேட் கதவின் ஸ்பிரிங்கும் வெளிக் காத்தை ஒப்பிட்டுத்தான் திறக்கும். ஈசியு பார்க்கிற மெப் சென்சர் அப்படி இல்ல, அது மொத்த அழுத்தத்தை அளக்குது. நுவரெலியா 1,868 மீற்றர், காத்தழுத்தம் சுமார் 81 கிலோபாஸ்கல். ஹட்டன் 87 பக்கம், கண்டி 95, கொழும்பு 101. கேஜ்ல அதே 1.0 பார், அதாவது 100 கிலோபாஸ்கல், வச்சா ஈசியு நுவரெலியாவில 181 பார்க்கும், கண்டியில 195, கொழும்பில 201. எஞ்சினைக் காப்பாத்த வச்ச எல்லையை மேலே தொடுறதே இல்ல, கீழே இறங்கினதும் தாண்டுது. கார் பழுதில்ல, ஈசியு தன் வேலையைச் செய்யுது.

இதுக்கு டிஃபெண்டர் போட்டா என்ன ஆகும்? டிஃபெண்டர் மெப் சிக்னலைப் பிடிச்சு வச்சு ஈசியு-விடம் பொய் சொல்லும். ஈசியு குறைஞ்ச காத்துக்கு உரிய பெற்றோலை மட்டும் விடும், காத்தோ கூடுதலா போகும். கலவை வறண்டு, நொக் (கலவை தன்பாட்டில வெடிக்கிறது) வந்து, பிஸ்டன்ல ரிங் உட்கார்ற தட்டு உடையும். மலையில ஒரு வருஷம் ஒண்ணும் ஆகாது, அதுதான் ஆபத்து. ஒரு நாள் கடுகண்ணாவை தாண்டி மத்தியான வெயில்ல ஓவர்டேக் பண்ணும்போது போயிடும். மலைநாட்டுக் காத்து தப்பான டியூனை மறைச்சு வைக்கும் தம்பி. அழுத்தம் குறைவு, காத்துக் குளிர், ரெண்டும் நொக்கைத் தள்ளி வைக்குது. இங்க நல்லா ஓடுறதுங்கிறது டியூன் சரின்னதுக்கு அத்தாட்சி இல்ல.

பாஸ் சொன்ன 1.0 பார் பத்தி. இந்த எஞ்சின்ல உள்ள சிடி9 சின்ன டர்போ. அதுக்கு முக்கியம் கேஜ் எண் இல்ல, டர்போவுக்குள்ள போற காத்தின் அழுத்தத்துக்கும் வெளியே வர்ற காத்தின் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். கொழும்பில 0.7 பார்னா விகிதம் 1.7. நுவரெலியாவில அதே மொத்த அழுத்தத்தை எடுக்க கேஜ் 0.9 காட்டணும், விகிதம் 2.1 ஆயிடும். கம்ப்ரஸர் திறன் 65 சதவீதம்னு வச்சுக் கணக்குப் போட்டா, கொழும்பில 30 பாகை காத்து டர்போவை விட்டு 105 பாகையில வெளிய வரும். நுவரெலியாவில 15 பாகை காத்து 119 பாகையில வரும். குளிர் ஊர்ல டர்போ கூடுதல் சூட்டைத் தருது. 1.0 பார்னா விகிதம் 2.2 தாண்டும், சக்கரம் அளவுக்கு மீறிச் சுத்தும்.

என் கருத்து இது. ஒரிஜினல் ஈசியு வச்சா ஒரிஜினல் ஹை மோட் பூஸ்டோட, அதாவது சுமார் 0.65 பார், நின்னுடுங்க. நுவரெலியாவில 12 சதவீதம் போல இழப்பீங்க. டர்போ இல்லாத கார் 20 சதவீதம் இழக்குது, அதனால நீங்க இன்னும் முன்னாலதான். பூஸ்டைக் கையால கூட்டுற ப்ளீட் வால்வை மலையில திருகி வச்சுட்டு கீழே இறங்குற பழக்கம் வேண்டவே வேண்டாம். காசு இருந்தா தனி ஈசியு போட்டு, பூஸ்டை மொத்த அழுத்தத்தில கட்டுப்படுத்துங்க. இலக்கு 165, விகிதம் 2.0க்கு மேல போகாதபடி ஒரு தடுப்பு. அப்போ கேஜ்ல கொழும்பில 0.65, கண்டியில 0.7, நுவரெலியாவில 0.8 பக்கம் தானா வரும். டவுன்பைப், சைலன்சரைப் பெருசாக்கினா வேஸ்ட்கேட் சமாளிக்காம பூஸ்ட் ரெவ்வோட ஏறிக்கிட்டே போகலாம், அதையும் கவனிங்க.

டியூனை மலையில முடிச்சிடாதீங்க. அந்தத் தடுப்பால மேலே மெப் 162ஓட நிக்கும், 165 வரிசை பெற்றோல் கட்டங்களை எஞ்சின் தொடவே தொடாது, அதெல்லாம் ஊகத்திலேயே கிடக்கும். டைனோ (எஞ்சின் பலத்தை அளக்கிற மெஷின்) கீழ்நாட்டில இருக்கிறது நமக்கு நல்லது. உச்சிவெயில்ல, ஒக்டேன் 92 ஊத்தி டியூன் பண்ணச் சொல்லுங்க. ஓட்டுறதுக்கு 95 ஊத்துங்க, ஆனா 95 எல்லா பெற்றோல் செட்டிலயும் கிடைக்காது. பூஸ்ட்டில காத்து-பெற்றோல் கலவை விகிதம் 11.5 முதல் 11.8. அதை அளக்கிற வைட்பேண்ட் சென்சர் இல்லாம டியூன் பண்ற ஆளிடம் காரை விடாதீங்க. ஒரிஜினல் ஈசியு-ன்னா டயக்னோஸ்டிக் பெட்டியில டிஈ1, ஈ1 ரெண்டையும் வயரால இணைச்சு இக்னிஷன் டைமிங் 10 பாகைக்கு வைங்க. இணைக்காம டைமிங் லைட் அடிச்சா தப்பான எண்ணுக்கு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவீங்க. "மேலே இழுக்கல"ன்னு ரெண்டு பாகை கூட்டுறதும் மேலே சொன்ன அதே பொறிதான்.


ஏத்தம்_இறக்கம் எழுதியது:

தர்மஸ்டாட்டைக் கழட்டக் கூடாது. குளிர் ஊர்லதான் அது இன்னும் தேவை. கழட்டினா நுவரெலியா காலையில தண்ணி 60 பாகையிலயே சுத்திக்கிட்டு இருக்கும், ஈசியு எஞ்சின் இன்னும் சூடாகலன்னு பெற்றோலைக் கூட்டி ஊத்தும், சிலிண்டர் சுவர் கழுவிப் போகும், எண்ணெயில பெற்றோல் வாசனை வரும். 82 பாகை தர்மஸ்டாட் புதுசு ஒண்ணு போடுங்க.

அதைவிட முக்கியம் ரேடியேற்றர் மூடி. நுவரெலியாவில வெறும் தண்ணி 94 பாகையில கொதிக்கும், ஃபேன் போடுறதும் அந்தப் பக்கத்திலதான். 0.9 அழுத்த மூடி நல்லா பிடிச்சா கொதிநிலை 115 வரை ஏறும். ரப்பர் காய்ஞ்ச பழைய மூடின்னா ரம்பொடை ஏத்தத்தில லொறிக்குப் பின்னால போகும்போதே ரிசர்வ் போத்தல் பொங்கும், எல்லாரும் ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகப்படுவாங்க. மூடியோட விலை என்ன, ஹெட் கழட்டுற கூலி என்ன. கூலன்ட் பாதி, தண்ணி பாதி.

இன்டர்கூலர்: ஜிடியில அது எஞ்சின் மேல உட்கார்ந்திருக்கு, பொனட் வாய் வழியா காத்து. கார் ஓடினாத்தான் அதுக்குக் காத்து. 20 கிலோமீற்றர் வேகத்தில ஏத்தம் ஏறும்போது கீழே டர்போ சூடு, மேலே காத்தில்ல, அது கூலர் இல்ல ஹீட்டர். முன்னுக்கு மாத்துங்க. பெரிய கோர் வேண்டாம், பைப் 51 மில்லிமீற்றர் போதும்.


கம்பளை_கியர் எழுதியது:

முன் இன்டர்கூலர் கட்டாயம்னு சொல்றதை நான் ஒத்துக்கல. 0.65 பூஸ்ட்டுக்கு எஞ்சின் மேல இருக்கிற இன்டர்கூலரே போதும், பொனட் வாய்க்கும் கோருக்கும் இடையில உள்ள ரப்பர் ஓரம் கிழியாம இருந்தா. பாதிக் கார்ல அது இல்லவே இல்ல, காத்து பக்கவாட்டில ஓடிடுது. முன் கோர் ரேடியேற்றருக்கு வர்ற காத்தை மறைக்கும், அதுவும் மெதுவான ஏத்தத்திலதான் வலிக்கும். முதல்ல ரப்பர் ஓரம், டர்போ பக்கம் ஒரு வெப்பத் தகடு. அதுக்குப் பிறகு உள்ளே போற காத்தின் சூட்டை அளந்து முடிவு பண்ணுங்க. உங்க வழக்கமான பொனட்டில வாய் இல்லங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க, ஜிடி பொனட்டும் வேணும்.

வேற ரெண்டு. பெற்றோல் பம்ப் உங்க காரோடது பத்தாது. மணிக்கு 255 லீற்றர் பம்ப் போடுறவங்க பழைய வயரையே விட்டுடுறாங்க. பற்றரியில 13.8 வோல்ட் இருந்தாலும் பம்ப்பில 11 வோல்ட்தான் போய்ச் சேருது, பூஸ்ட்ல கலவை வறண்டு போகுது. பற்றரியில இருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயர், ஃப்யூஸ், ரிலே, பாடிக்கு நல்ல எர்த். முழு லோட்ல பம்ப் ப்ளக்கிலேயே மீற்றரை வச்சு அளங்க.

பனி மூட்டத்தில இந்த எஞ்சின் பூஸ்ட் ஏறினதும் திக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில முடி மாதிரி வெடிப்பு, அதில ஈரம். ராத்திரி இருட்டில பொனட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது ஸ்ப்ரே போத்தல்ல தண்ணியைப் புகை மாதிரி அடிச்சுப் பாருங்க, கையைத் தள்ளி வச்சு. நீலப் பொறி ஓடினா மூடியும் வயரும் மாத்தணும். பிளக் ஒரு படி குளிர்ந்தது, இடைவெளி 0.7 மில்லிமீற்றர்.


ஏத்தம்_இறக்கம் எழுதியது:

ரப்பர் ஓரம் சரி, ஆனா ரம்பொடையில நாப்பது நிமிஷம் கன்டர் லொறிக்குப் பின்னால போற காருக்கு ரப்பர் ஓரம் காத்தை எங்க இருந்து கொண்டு வரும்? அளந்து பார்க்கலாம்ங்கிறதுக்கு நானும் சம்மதம்.

இறங்குறதைப் பத்தி யாரும் பேசல. நுவரெலியாவில இருந்து கம்பளைக்கு சுமார் 1,400 மீற்றர் இறக்கம். டர்போ போட முன்னால பிரேக் முடிச்சிருக்கணும். டொட் 3 எண்ணெய் புதுசில 205 பாகையில கொதிக்கும், ஈரம் ஏறினா 140. டொட் 4க்கு 230, 155. நம்ம ஊர் ஈரத்துக்கு வருஷம் ஒரு தடவை முழுசா மாத்தணும், மேலால ஊத்தி நிரப்புறது மாத்துறதில்ல. பழைய ரப்பர் ஹோஸ் நாலையும் மாத்துங்க. இன்டேக்ல இருந்து பிரேக் பூஸ்டருக்குப் போற வேக்கம் ஹோஸ்ல ஒருவழி வால்வ் இருக்கா, ஊதிப் பார்த்து ஒரு பக்கம் மட்டும் போகுதான்னு பாருங்க. டர்போ கார்ல அது கெட்டா பூஸ்ட் பூஸ்டருக்குள்ள போகும், அடுத்த வளைவில பெடல் கல்லு மாதிரி இருக்கும்.

டயர்: ஜிடிக்கு 175/60 ஆர்14. 195/50 ஆர்15 போட்டா உயரம் 2 சதவீதத்துக்குக் கிட்டக் கூடும், பரவாயில்ல. ரிம் 4 x 100, நடு ஓட்டை 54.1. வாங்கும்போது டயர் பக்கத்தில நாலு எண்ணைப் பாருங்க, 3219னா 2019இன் 32ஆவது வாரம். பட்டன் முழுசா இருக்குங்கிறதுக்காக பத்து வருஷப் பழைய டயரை வாங்கி வெலிமடை ரோட்டு மழையில ஓட்டாதீங்க. 30 மில்லிமீற்றருக்கு மேல இறக்கவும் வேண்டாம், தோட்டத்து ரோட்டில சம்ப்தான் முதல்ல தரையைத் தொடும்.

எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழ்ல மாறணும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள வேலையை எஞ்சின் வாங்கின ரசீதோட முதல்லயே தொடங்குங்க. ரசீது தராத இடத்தில வாங்காதீங்க. இலக்கம் ஒத்துப் போகலன்னா விபத்தில காப்புறுதி கைவிடும்.


தலவாக்கலை_82 எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிஃபெண்டர், 1.0 பார் ரெண்டையும் விட்டாச்சு. ஹாஃப்கட் எஞ்சினைத் தலவாக்கலையிலேயே வச்சு கம்ப்ரஷன் எடுத்தாச்சு: 128, 126, 131, 104. நாலாவதில ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்ப அடிச்சா 122. விக்கிறவர் "ஓடினா ரிங் பிடிச்சுக்கும்"ங்கிறார்.


ஊவா_ஸ்பெனர் எழுதியது:

முதல் மூணும் நல்லா இருக்கு. அந்த உயரத்தில 128னா கீழ்நாட்டுக் கணக்கில 150 பக்கம். நாலாவது 20 சதவீதம் கீழே, எண்ணெய் விட்டதும் ஏறுது, அப்போ வால்வ் இல்ல, ரிங் பக்கம். ஓடினா பிடிக்கிறது பல வருஷம் சும்மா கிடந்த எஞ்சினுக்கு நடக்கலாம். ஆனா ஒரு சிலிண்டர் மட்டும் இப்படின்னா பனிமூட்டம் அண்ணன் சொன்ன உடைஞ்ச ரிங் தட்டா இருக்கத்தான் கூடுதல் வாய்ப்பு. பிளக் ஓட்டை வழியா சின்னக் கேமரா விட்டு நாலாவது பிஸ்டன் ஓரத்தையும் சிலிண்டர் சுவர்ல நேர்க்கோட்டுக் கீறலையும் பாருங்க. அந்தப் பிளக்கின் வெள்ளைப் பீங்கான்ல மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி, அலுமினியப் பொட்டு இருந்தா நொக் அடிச்ச எஞ்சின்தான்.

ஓட்டத்துக்குத் தயார் எஞ்சின் விலைக்கு அதை எடுக்காதீங்க. பிஸ்டன், ரிங், பேரிங், கெஸ்கட் செட், போரிங் கூலி எல்லாம் கழிச்ச விலைக்குத் தந்தா எடுங்க, பிரிச்சுக் கட்டிட்டுப் போடுங்க. அதுக்கு அவர் சம்மதிக்கலன்னா கியர்பொக்ஸ், ஷாஃப்ட், ஹப், வயரிங், ஈசியு மட்டும் தனியா விலை கேளுங்க. எஞ்சின் வேற இடத்தில கிடைக்கும், வெட்டாத வயரிங் செட் கிடைக்கிறதுதான் கஷ்டம்.